தேவியின் காலடியில் ஒரு நாய்

ஜனவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? மாப்பிள்ளையின் இருமல் நின்றதா?

பொட்டலத்தில் ஒன்பது காசுகள் இருக்கின்றன. எல்லாம் மண்கட்டியாகத்தான் இருக்கும், பார்த்து முகம் சுளிக்காதே. ரோமப் பேரரசின் வெளி மாகாணங்களில் இருந்த ஊர்கள் தாங்களே அடித்துக்கொண்ட வெண்கலக் காசுகள் இவை. ஒரு பக்கம் பேரரசரின் தலை, மறுபக்கம் அந்தந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்த சாமி, கோயில், ஆறு. நான் சேர்ப்பது ஆற்று வளைவில் இருந்த ஒரே ஒரு சின்ன ஊரின் காசுகளை மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷத்தில் அறுபத்தொன்று சேர்ந்திருக்கிறது. எங்கள் நாணயச் சங்கம் அதைப் புத்தகமாகப் போடுகிறது. ஜூலையில் நடக்கும் கண்காட்சியில் வெளியீடு. முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் புத்தகத்துக்கெல்லாம் ப்ரூஃப் பார்த்தவனுக்குச் சொந்தமாக ஒரு புத்தகம் வரப்போகிறது. அதில் ஒரு பிழை இருந்தாலும் நான் தூக்கில் தொங்க வேண்டியதுதான்.

முறை பழையதே. காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்து நாள். பிறகு ஆலிவ் எண்ணெயில் ஊறட்டும். அப்புறம் மரக்குச்சி, ரோஜா முள். அவ்வளவுதான். பல் செட்டு செய்யும் உன் ஆயுதங்கள் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. மேலே இருக்கும் கரும்பச்சைத் தோல், காசு ஆயிரத்து எண்ணூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்து தானே வளர்த்துக்கொண்டது. படமெல்லாம் அந்தத் தோலில்தான் நிற்கிறது. அது போனால் போனதுதான்.

என் கை அப்படியேதான் இருக்கிறது. டம்ளரைத் தூக்கினால் பாதித் தண்ணீர் சட்டைக்கு. எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். சங்கத்தில் காசுகளை நானே சுத்தம் செய்வதாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொண்டிருக்கட்டும். நீயும் வாயைத் திறக்காதே.

பெட்டியின் மேலே நாய்ப் படம் போட்டு அனுப்பாதே. போன தடவை தபால்காரர் சிரித்தார். என் பள்ளிக்கூட நோட்டிலெல்லாம் நம் வீட்டு நாய் கோணக்காதனை வரைந்து வைத்து எனக்கு அடி வாங்கிக் கொடுத்தது போதும்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். அவருடைய இருமல் நின்றுவிட்டது, இப்போது தும்மல். அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீ கொடுக்காதே, கை நடுங்கி அவரை வேக வைத்துவிடுவாய்.

காசுகள் வந்து சேர்ந்தன. தண்ணீர்க் குளியல் முடிந்து எண்ணெய்க் குளியலில் இருக்கின்றன. முந்தாநாள் அவர் அந்தச் சீசாவைத் தைலம் என்று நினைத்து எடுத்துத் தோளில் தேய்த்துக்கொண்டார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டதும், "என்னடி இது, தைலத்துக்குள்ள சில்லறை கிடக்கு?" என்று கத்தினார். நான் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். தோள் வலி போய்விட்டதாம், அது வேறு.

வேலை நிறைய. எங்கள் கூடம் கண்ணாடிக் கடைக்கு மாடியில் இரண்டே அறை, உனக்குத் தெரியும். பல் டாக்டர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அச்சு அனுப்பி, ஒரே நேரத்தில் பல் செட்டு கேட்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் என் பல்லால்தான் மெல்லுகிறார்கள்.

ஒன்பதில் ஆறு தேறாது. இரண்டில் ராஜா முகம் தெரிகிறது. ஏழாவதுதான் விசேஷம். பின்பக்கம் உன் ஊர்த் தேவி உட்கார்ந்திருக்கிறாள், தலையில் அந்த மதில்சுவர்க் கிரீடம் தெளிவாக இருக்கிறது. காலடியில் ஒரு மேடு இருக்கிறது, அண்ணா. மண் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஆனால் சாய்த்துப் பார்த்தால் கீழே கால் கால் மாதிரி ஏதோ தெரிகிறது. பானையாகவும் இருக்கலாம். உனக்கு என்ன தோன்றுகிறது?

பெட்டி மேலே போடக்கூடாது என்றுதானே சொன்னாய்? அதனால் இங்கே போடுகிறேன். கோணக்காதன் உன்னைப் பார்த்து வாலாட்டுகிறான்.

உன் வாலு


பிப்ரவரி 14

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி, "காசைப் பாத்தா வயிறு நிறையுமா?" என்று கேட்கிறாள். நிறையும் போலத்தான் இருக்கிறது.

என்னிடம் இருக்கும் பதினாலாம் காசு உனக்கு நினைவிருக்கிறதா? நன்றாகத் தேய்ந்தது. அதிலும் தேவியின் காலடியில் ஒரு முண்டு உண்டு. அது நாய் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சங்கத்தில் யாரும் நம்பவில்லை. கடிகாரம் பழுது பார்க்கும் எங்கள் கடிகாரக்காரர் எல்லோருக்கும் முன்னால், "சார், அது நாய் இல்ல, உங்க ஆசை" என்றார். நீ பார்ப்பது நாயாக இருந்தால், அந்த ஊர்க் காசில் இதுவரை யாருமே பதியாத படம் அது. புத்தகத்தில் முப்பத்தேழாம் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டேன். ஏப்ரல் கடைசிக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

கடிகாரக்காரர் இப்போது கூட்டத்துக்கு வருவதில்லை. உனக்கு எழுதவில்லையே அதை. போன நவம்பரில் ஒரு காசு கொண்டுவந்தார். பேரரசரின் தலைமுடி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி இருந்தது. லென்ஸில் பார்த்ததும் தெரிந்துவிட்டது, யாரோ ஊசியால் புதிதாகக் கீறியது. நான் அவரை எழுந்து நிற்கச் சொன்னேன். "இது செதுக்கின காசுன்னு நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்க" என்றேன். தான் செதுக்கவில்லை, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். "கண் இருக்கிறவனுக்குத் தெரியாமலா போகும்?" என்றேன். பிறகு காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சங்கம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

அவசரப்படாதே. ஆனால் ஏப்ரலை மறந்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இரண்டு கார்டுகளும் வந்தன. பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். கூடத்தில் வேலை கழுத்தை நெரித்தது.

ஏழாவது காசைத் தனிப் பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்பியிருக்கிறேன். மற்ற எட்டும் தனிப் பையில்.

நாய்தான்.

அவர் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

வாலு


ஏப்ரல் 12

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். காசு நேற்று மாலை வந்தது. ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு, கையை மேஜையோடு அழுத்தி வைத்துக்கொண்டு, லென்ஸில் பார்த்தேன்.

என்ன சொல்ல. நாயேதான். முன்கால் இரண்டையும் ஊன்றி உட்கார்ந்து தேவியை அண்ணாந்து பார்க்கிறது. வால்கூட இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. சங்கச் செயலாளர் வீட்டுக்கே ஓடி வந்தார். புத்தகத்தின் அட்டையிலேயே இதைத்தான் போட வேண்டும் என்கிறார். காசுக்கு அறுபத்திரண்டு என்று எண் கொடுத்துவிட்டேன்.

புத்தகத்துக்காக ஒரு வரி வேண்டும். எப்படிச் சுத்தம் செய்தாய்? எத்தனை நாள் எண்ணெய், எந்த முள், இப்படி. என் பெயரில்தான் போகும், கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. போன கடிதத்தில் நாய்ப் படம் போடவில்லையே, ஏன்? நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. உடம்பு சரியாக இருக்கிறதுதானே?

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணா,

உடம்பெல்லாம் நன்றாகவே இருக்கிறது. அண்ணிக்கு முழங்கால் தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை. எண்பது வயதுப் பெரியம்மா ஒருத்தி மாடியேறி வந்து, டாக்டரிடம் போகாமல் நேராக என்னிடமே சண்டை போட்டாள். நான் செய்த பல் ரொம்ப வரிசையாக இருக்கிறதாம். "என் பல்லு இப்படியா இருந்துச்சு? முன்பல் கோணலா இருக்கும்மா, எங்க வீட்டுக்காரருக்கே என்னை அடையாளம் தெரியல" என்றாள். கழற்றி வாங்கி முன்பல்லைக் கோணலாக்கிக் கொடுத்தேன். கண்ணாடியைப் பார்த்து அழுதுவிட்டாள்.

எப்படிச் சுத்தம் செய்தேன் என்று கேட்டிருந்தாய். வழக்கம் போலத்தான். எழுதும்படி ஒன்றும் இல்லை.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். அந்தக் காசைப் புத்தகத்தில் போட்டுத்தான் ஆக வேண்டுமா? ஒரே ஒரு காசை வைத்து ஒன்றைச் சொல்வது சரியா? இன்னொன்று கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளலாமே. அறுபத்தொன்றும் நல்ல எண்தானே. நான் ஒன்றும் தெரிந்தவள் இல்லை, தோன்றியதைச் சொன்னேன்.

வாலு


ஜூலை 20

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் ஏப்ரல் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. அச்சக வேலை.

புத்தகம் வந்துவிட்டது. இருநூறு பிரதிகள். உனக்கு ஒன்று தனித்தபாலில் அனுப்பியிருக்கிறேன். அட்டையில் உன் நாய், உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். அதற்கு இத்தனை முகக்களை இருக்கும் என்று நானே நினைக்கவில்லை.

கண்காட்சி முந்தாநாள் ஞாயிறு நடந்தது. நல்ல கூட்டம். அறுபத்திரண்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். பிற்பகலில் கடிகாரக்காரர் வந்தார். எட்டு மாதம் கழித்து இப்போதுதான் சங்கத்தின் வாசலை மிதிக்கிறார். நேராக என்னிடம் வந்து, "நாயைப் பாக்கலாமா சார்?" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்து கொடுத்தேன்.

கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அவருடைய சொந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார். காசைத் திருப்பி, விளிம்பைப் பார்த்து, மறுபடியும் பார்த்தார். பிறகு பஞ்சில் பத்திரமாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நல்ல நாய் சார்" என்றார். அவ்வளவுதான். வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேறு விசேஷம் இல்லை. அண்ணி உன்னைக் கேட்டாள்.

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 29

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. இந்தக் கடிதத்தை அண்ணிக்குக் காட்டாமல் நீ தனியாகப் படி.

அது நாய் இல்லை. நான் செதுக்கியது.

மார்ச் முதல் வாரம்வரை மரக்குச்சியும் முள்ளும்தான், சத்தியமாக. அந்த மேட்டில் மண் அசையவே இல்லை. உன் கார்டு மேல் கார்டு வந்துகொண்டிருந்தது. முப்பத்தேழாம் பக்கம், முப்பத்தேழாம் பக்கம் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் யாரும் இல்லை. பல் செட்டுகளைப் போட்டு அழுக்கெடுக்கும் அதிர்வுத் தொட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. இரண்டே நிமிஷம் என்று காசை அதில் போட்டேன்.

எடுத்துப் பார்த்தால் தேவி அப்படியே இருக்கிறாள். காலடியில் மட்டும் தோல் முழுக்கப் பெயர்ந்து, செம்பு நிறத்தில் பளிச்சென்று ஒரு வட்டம். முழங்கால் சிராய்த்தது போல. மேடு இல்லை, கால் இல்லை, ஒன்றும் இல்லை. தொட்டியின் அடியில் கறுப்பாகக் கொஞ்சம் தூள் கிடந்தது. கைக்குட்டையில் வடிகட்டி எடுத்தேன். ஒரு சிட்டிகை வந்தது. அதுதான் உன் நாய், அண்ணா. இல்லையென்றால் பானை. இல்லையென்றால் வெறும் மண். என்னவாக இருந்தது என்று நானும் பார்க்கவில்லை, இனிமேல் யாரும் பார்க்க முடியாது.

அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். திட்டியிருப்பாய், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய், அதோடு போயிருக்கும். ஆனால் காலி இடத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. இல்லாத பல்லை வைப்பதுதானே என் பிழைப்பு. பல் தேய்க்கும் சுழல் ஊசியில் இருப்பதிலேயே பொடியானதை மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் நாய் வந்துவிட்டது. செம்பு நிறத்தை மறைக்க, அவித்த முட்டையை உடைத்துச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, காசையும் கூட வைத்து மூடிவிட்டேன். மூன்று நாளில் கறுத்துவிட்டது. நகை வேலைக்காரர் ஒருவர் எப்போதோ சொன்ன வித்தை.

பல் செட்டு போடுகிறவர்களுக்கு அது பொய்ப்பல் என்று தெரியும். அந்தக் கோணப்பல் பெரியம்மாவுக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது. ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன். பெரியம்மா கதையை எழுதிவிட்டு எழுந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செதுக்கிக்கொண்டிருந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தேன். அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது.

கடிகாரக்காரருக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? உன்னை எல்லோருக்கும் முன்னால் நிற்க வைக்கப் போகிறார். உன் புத்தகம், உன் பெயர், எல்லாவற்றையும் நான் கெடுத்துவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

வாலு


ஆகஸ்ட் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. என் முழங்கால் பரவாயில்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் நலம் என்று நினைக்கிறேன். உன் அண்ணன் உனக்குப் பதில் போட்டிருக்க மாட்டார், அதனால்தான் நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதற்குப் பிறகு சட்டை மாறினாலும் கடிதமும் கூடவே மாறிக்கொண்டிருந்தது. சாப்பாடும் கொறிப்புதான். நானும் என்னவோ அண்ணன் தங்கைச் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, "நீயும் வா" என்றார். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சங்கத்துக்கு என்னைக் கூப்பிட்டதே கிடையாது. போனோம். பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி நாலு வரிசை, பதினெட்டு இருபது பேர். செயலாளர் புத்தகத்தைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். கடிகாரக்காரரும் கடைசி வரிசையில் இருந்தார். இவரே போய்க் கூப்பிட்டு வந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

திடீரென்று எழுந்து நின்றார். "அறுபத்திரண்டாவது காசுல இருக்கிற நாய் செதுக்கினது" என்றார். யாரோ, "யார் செதுக்கினாங்க?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றார்.

அந்தக் காசைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா, கை என்ன ஆட்டம் ஆடியது தெரியுமா? எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கையால் ஒரு ஊசியைக்கூடப் பிடிக்க முடியாது என்று குழந்தைக்கும் தெரியும். கடைசியில் கடிகாரக்காரர்தான் எழுந்து வந்து, கீழே விழப்போன காசைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் படிக்கட்டும் என்றுதான் வைத்தார். படித்தேன். உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அவருக்கு எழுது. அதுதான் முக்கியம்.

அண்ணி


ஆகஸ்ட் 30

அண்ணா,

அண்ணி எல்லாம் எழுதினார்.

யார் உன்னைக் கேட்டது? நான் செய்ததை நான் சொல்லிக்கொள்ள மாட்டேனா? சின்ன வயதில் நோட்டில் நாய் போட்டது நான், அடி வாங்கியது நீ. அப்போது, "இவ போட்டா" என்று ஒரு நாளாவது சொன்னாயா? இத்தனை வயதான பிறகும் அதே வேலையா? நீ அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

செயலாளருக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உன் பதிலுக்காக மூன்று வாரம் பார்ப்பேன். பிறகு அனுப்பிவிடுவேன்.

சாப்பிடு.

வாலு


செப்டம்பர் 10

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் உறையைக் கொஞ்சம் நிறுத்தி வை. முதலில் இதைப் படி. என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்குத் தெரியும். ஏப்ரலில் பெட்டியைத் திறந்த அன்றைக்கே தெரியும்.

பஞ்சை விலக்கியதும் முட்டை நாற்றம் வந்தது. இருபத்து மூன்று வருஷமாகக் காசு சேர்ப்பவனுக்கு அந்த வித்தை தெரியாதா? சரி, வேறு ஏதாவது நாற்றமாக இருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு லென்ஸை எடுத்தேன். நாயின் இடது காது நட்டுக்கொண்டு நின்றது. வலது காது நுனியில் மடிந்திருந்தது. கோணக்காதன், வாலு. என் கணக்கு நோட்டில் எத்தனை பக்கம் பார்த்திருக்கிறேன். உனக்கு வேறு நாய் வரையவே வராது.

லென்ஸைக் கீழே வைத்தேன். அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். நாய் நன்றாக இருந்தது. 'குறை சொல்ல ஒன்றும் இல்லை' என்று உனக்கு எழுதினேன்.

நாய்ப் படம் ஏன் போடவில்லை என்று கேட்டேனே, அதற்கும் உண்மையைச் சொல்கிறேன். நீ சொல்லிவிடுவாயா, மாட்டாயா என்று ஆழம் பார்த்தேன். நீ புத்தகத்தில் போட வேண்டாம் என்று எழுதினாய். இதைவிட வெளிச்சமாக உன்னால் எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கடிதத்தைப் படித்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, அட்டைப் படத்துக்குச் சம்மதம் கொடுக்க அச்சகத்துக்குப் போனேன். உன் கை தவறியது. நான் நன்றாகத் தெரிந்தே செய்தேன். கடிகாரக்காரரைப் பார்த்து, கண் இருக்கிறவனுக்குத் தெரியாமலா போகும் என்று கேட்டவன் நான்.

கூட்டத்தில், 'நான்தான்' என்று சொன்னதுகூட உன்னைக் காப்பாற்ற இல்லை. தெரிந்தே அச்சிட்டேன் என்று சொல்ல அங்கே எனக்கு நாக்கு எழவில்லை. செதுக்கினேன் என்று சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

போன வாரம் கடிகாரக்காரரின் கடைக்குப் போனேன். ஆள் நுழைந்தால் திரும்ப இடமில்லாத கடை. சுவர் முழுக்கக் கடிகாரம், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டுகிறது. வாடிக்கையாளர் இருவர் இருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே, "உங்களை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சேன். தப்பு" என்றேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார், நின்னா கை இன்னும் ஆடுது" என்றார்.

"கண்காட்சியிலயே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க நிக்கணும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார்" என்றார். பிறகு வாடிக்கையாளரிடம் திரும்பி, "உங்களுக்கு வார் மாத்தணுமா?" என்று கேட்டார்.

நாய் செதுக்கியது நீ என்று அவரிடம் மட்டும் சொன்னேன். "நல்ல கை" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

புத்தகத்துக்குப் பிழைதிருத்தச் சீட்டு அடிக்கப் போகிறேன். கொடுத்த பிரதிகளையும் திரும்பக் கேட்டு வாங்கி, இருநூறு பிரதியிலும் முப்பத்தேழாம் பக்கத்தில் ஒட்ட வேண்டும். வாசகத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ ஒரு தடவை பார்த்துக் கொடு. என் கண்ணை இனி நான் நம்புவதற்கில்லை.

'பக்கம் 37, காசு 62. தேவியின் காலடியில் காணப்படும் நாய் பிற்காலத்தில் செதுக்கப்பட்டது. தவறுக்கு ஆசிரியரே பொறுப்பு.'

அன்புடன்,
அண்ணன்


செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். அண்ணியின் முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கி வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். முதலில் கோபம் வந்தது. மார்ச்சிலிருந்து ஒருத்தி செத்துச் செத்துப் பிழைக்கிறாள், நீ இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருக்கிறாய். ஏப்ரலில் நம் இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். நீயும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அம்மா பெற்ற இரண்டும் ஒரே அச்சு.

செயலாளருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பயந்து இல்லை. சீட்டில் இருந்தால் போதும், அது எல்லோர் கையிலும் இருக்கும்.

உன் வாசகத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் ப்ரூஃப் பார்த்தவன் எழுதுகிற லட்சணமா இது? 'பிற்காலத்தில்' என்றால் எப்போது? 'செதுக்கப்பட்டது' என்றால் காசு தானாகப் போய்ச் செதுக்கிக்கொண்டதா? இங்கேயும் மழுப்புகிறாய். சிவப்பு மையால் அடித்துத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். உன் தொழிலை உன்னிடமே காட்டுகிறேன் என்று நினைக்காதே.

வரும் சனிக்கிழமை வருகிறேன். இருநூறு சீட்டையும் நான் ஒட்டுகிறேன், நீ பக்கத்தை மட்டும் விரித்துப் பிடி. பசைக் கிண்ணத்தை உன் கையில் கொடுத்தால் புத்தகம் பூராவும் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டி எடுத்த அந்தச் சிட்டிகைத் தூளைச் சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன். அதையும் கொண்டு வருகிறேன். காசோடு சேர்த்து வை. கடிகாரக்காரருக்கு ஒரு பிரதி நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கடையைக் காட்டு.

கடிதத்தின் அடியில் நாய் போடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. சனிக்கிழமை ஒட்டி முடித்த பிறகு பார்ப்போம்.

சீட்டில் இருக்க வேண்டியது இது. ஒரு எழுத்தை மாற்றக்கூடாது.

'பக்கம் 37, காசு 62. தேவியின் காலடியில் நாய் இல்லை. அங்கே என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. இப்போது இருக்கும் நாயைச் செதுக்கியவள் ஆசிரியரின் தங்கை. தெரிந்தே அதை அச்சிட்டவர் ஆசிரியர்.'

உன் வாலு